இரண்டு கை போதும்

“என் தம்பின்னு பாத்து ஓட்டுப் போடாதீங்க. என் தம்பியாச்சேன்னு போடாமலும் இருந்துடாதீங்க.”

“அப்போ என்னன்னுதான் பாக்கச் சொல்றே?”

நீதிபதியின் மனைவி குடையை எடுத்து நீட்டினாள்.

ரயில்வே ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஓர் உறுப்பினர் வேண்டும். தேர்வுக் குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதியான அவர். கூட ஒரு பேராசிரியை, ஒரு செயலாளர். கடைசிச் சுற்றில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர்: யாரையும் பகைத்துக்கொள்ளாத ஒரு வக்கீலும், நீதிபதியின் மச்சினனும்.

மச்சினன் பாலங்களைப் பரிசோதிக்கும் இன்ஜினீயர். ஆற்றுப்பாலத்தில் விரிசல் என்று மேலிடத்தோடு மல்லுக்கு நின்றவர். பாலத்தில் ரயில் இன்னும் ஓடுகிறது. அவருக்குத்தான் பதவி உயர்வு நின்றுபோனது.

“சொந்தக்காரன் வர்றான். நான் விலகிக்கறேனே?” என்றார் நீதிபதி.

“மூணு பேர் இல்லேன்னா கூட்டமே செல்லாது சார். உங்க நேர்மை எங்களுக்குத் தெரியாதா?” என்றார் செயலாளர்.

மச்சினன் உள்ளே வந்தார். ‘அத்தான்’ என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, “வணக்கம் சார்” என்றார்.

“பதவிக்கு வந்தா முதல் வேலை என்ன?” பேராசிரியை கேட்டார்.

“அந்தப் பாலத்தை மூடறது.”

பேராசிரியையின் முகம் மலர்ந்தது. செயலாளர் பலமாகத் தலையாட்டினார்.

மச்சினன் வெளியே போனதும் ஓட்டெடுப்பு. வழக்கப்படி தலைவர்தான் முதலில்.

“எனக்கு இவர் வேண்டாம்” என்றார் நீதிபதி.

மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கையைத் தூக்கவில்லை.

வக்கீல் தேர்வானார்.

படியிறங்கும்போது நீதிபதிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இந்த இரண்டு கையும் எப்படியும் எழும் என்றுதானே கணக்குப் போட்டிருந்தார்? மச்சினனுக்குப் பதவி, தனக்கு நல்ல பேர். எங்கே பிசகியது? வீட்டில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது?

பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்: “உங்களுக்கு அவரைப் பிடிச்சிருந்துச்சே அம்மா?”

பேராசிரியை அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ரொம்பப் பிடிச்சிருந்துச்சு சார். ஆனா சொந்த மச்சினனையே நீங்க வேண்டாம்னு சொல்றீங்கன்னா, வெளியே சொல்ல முடியாத அளவுக்கு அந்த மனுஷன் என்னமோ பண்ணியிருக்கணும், இல்லையா?”