இறங்காத முள்

போர்வைகளைப் பிழிந்து முடித்த கையோடு அவள் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். உடல் படும் பாட்டை அளப்பதற்கென்றே உடலியல் ஆராய்ச்சியாளனான அவள் கணவன் செய்த கருவியின் பட்டை, அவள் மார்பைச் சுற்றி இறுகியிருக்கிறது. சன்னல் வெயில் கருவியின் கண்ணாடியில் விழ, உள்ளே இதயத்துடிப்பைக் காட்டும் முள் உச்சியிலேயே நின்று நடுங்குகிறது. அவன் எதிரில் மண்டியிட்டு, தன் மூச்சையும் அடக்கிக்கொண்டு, அதையே பார்க்கிறான். "சும்மாதானே உட்கார்ந்திருக்கே? இறங்கவே மாட்டேங்குதே." "போர்வையெல்லாம் வாளியிலேயே கிடக்கு. நீங்க காயப் போட்டுட்டு வாங்க, தன்னால இறங்கும்." அவன் அரை மனதோடு வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறான். வெளியே ஈரத்துணி கொடியில் சொத்தென்று விழும் சத்தம். அவள் சுவரில் சாய்ந்து கால்களை நீட்டுகிறாள். முள் மெல்ல மெல்ல இறங்கி, கீழ்க்கோட்டில் அடங்குகிறது. "இறங்கிருச்சா?" மூச்சு வாங்க அவன் குரல் வருகிறது. "இன்னும் இல்ல," என்கிறாள், கண்ணை மூடியபடி.