எட்டுத் தலை ஆள்

"ஏம்மா, இது ஆளா, இல்ல கேஸ் சிலிண்டருக்குக் கால் முளைச்சிருக்கா?"

தலைமை டிசைனர் அந்தப் பழுப்புத் தாளை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். அறையில் இருந்த உதவியாளர்கள் நாலு பேரும் சிரித்தார்கள். கோட்டு தைக்கும் அந்தக் கம்பெனியில் அவர் ஜோக் சொன்னால் சிரித்து வைப்பதுதான் உடம்புக்கு நல்லது.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர், மூலையில் உட்கார்ந்து ஃபைலால் விசிறிக்கொண்டிருந்த முதலாளியம்மா. இன்னொருத்தி, படத்தை வரைந்தவள். கீழ்த்தளத்தில் பதினாறு வருடமாகத் துணி வெட்டுகிறவள். எல்லோருக்கும் அவள் கத்தரி அக்கா.

டிசைன் அறையில் ஓர் இடம் காலி. 'மனித உருவத்தை அளவு பிசகாமல் வரையத் தெரிந்தால் போதும், நம் ஆட்களே முயற்சி பண்ணலாம்' என்று முதலாளியம்மா சொன்னதுதான் தாமதம், அவள் பென்சிலைக் கையில் எடுத்துவிட்டாள். மூன்று மாதமாகச் சாப்பாட்டு இடைவேளையில், வெட்டி மிஞ்சிய தாளில் வரைந்து பழகினாள். முதலில் வந்ததெல்லாம் பூசணிக்காய்த் தலையும் துடைப்பக் கையும்தான். டிசைனரிடம் மூன்று தடவை கொண்டுபோய்க் காட்டினாள். மூன்றாவது தடவை, "உங்க கைக்குக் கத்தரிதான் பொருத்தம், விட்டுடுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு வந்த கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

இன்றைக்குத் தேர்வு.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? தலைதான் அளவுகோல். ஒரு தலையை மேலேருந்து கீழே எட்டுத் தடவை அடுக்கினா ஒரு ஆள். இதுல எண்ணுங்க, ஆறரைதான் வருது. கழுத்தைக் காணோம். இடது தோள் இறங்கிக் கிடக்கு. கால் பாதி வழியிலேயே நின்னுடுச்சு."

"அளவு சரிதான் சார்."

"அப்ப எட்டுத் தலைன்னு போட்டிருக்கற புத்தகம் தப்பா?"

"புத்தகம் தப்புன்னு நான் சொல்லல. புத்தகத்துல இருக்கற ஆள் இதுவரைக்கும் நம்மகிட்ட துணி தைக்க வரலைன்னு சொல்றேன்."

முதலாளியம்மா கையிலிருந்த ஃபைல் ஒரு நொடி நின்று, மறுபடி விசிறியது. காலையிலிருந்து ஏசி வேலை செய்யவில்லை. உதவியாளர்கள் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டியிருந்தார்கள். டிசைனர் மட்டும் வழக்கம்போல முழுக் கோட்டில், பதவிக்குரிய மிடுக்கோடு வியர்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு இது, உங்க வீட்டுக்காரரா?"

"அவர் இதைவிட ஒரு சாண் உயரம் சார்."

"அப்ப வாட்ச்மேனா?"

மறுபடி சிரிப்பு. அவள் காத்திருந்தாள்.

"நான் தலையை எண்ணி வரையல சார். எங்களுக்கு இஞ்சுதான் தெரியும். நம்மகிட்ட கோட்டு தச்சவங்க அளவு கார்டு ஒண்ணை எடுத்து, நாலு இஞ்சுக்கு ஒரு இஞ்ச்னு போட்டேன். தலை அளவு கார்டுல இருக்காது. அதை மட்டும் கண்ணளவுல வெச்சேன்."

"கார்டை எழுதினவன் குடிச்சிருப்பான்."

"எழுதினது நான்தான் சார்."

டிசைனருக்கு முகம் சிவந்தது. "இந்த உடம்புக்குக் கோட்டு தச்சா கோணிப்பை மாதிரில்ல தொங்கும்?"

"தொங்காது. இடது தோள்ல ரெண்டு அடுக்குப் பஞ்சு வெப்போம். பொத்தானைக் கொஞ்சம் மேல ஏத்திடுவோம், கால் நீளமாத் தெரியும். மாட்டிக்கிட்டு நின்னா போட்டவருக்கே வித்தியாசம் தெரியாது. அதுதான் சார் கீழ நாங்க பார்க்கற வேலை."

"கதை வேண்டாம். இப்படி ஒரு உடம்பு இந்த உலகத்துல இருக்குன்னு நிரூபிங்க. அந்தக் காலி நாற்காலியை நானே துடைச்சு உங்களுக்குப் போடறேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"மேடமே சாட்சி."

அவள் வேலைச் சட்டைப் பையிலிருந்து அந்தக் கார்டை எடுத்தாள். டிசைனர் கையை நீட்டினார். அவரைத் தாண்டிப் போய் முதலாளியம்மாவிடம் கொடுத்துவிட்டு, கழுத்தில் தொங்கிய டேப்பையும் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"நீங்களே அளந்து பாருங்கம்மா. ஒரு கோடு தப்பா இருந்தாலும் நான் கீழயே இருந்துக்கறேன்."

முதலாளியம்மாவும் ஒரு காலத்தில் துணி வெட்டியவர்தான். தாளை விரித்து டேப்பை வைத்தார்.

"தோள் அகலம் சரி. கை நீளம் சரி. உள்கால் இருபத்தேழு, இங்க ஆறே முக்கால். சரி. இடது தோள் இறக்கம்..." குனிந்து பார்த்தார். "அதுவும் சரி."

உதவியாளர்கள் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

"நம்பர் யார் வேணும்னாலும் எழுதலாம் மேடம்," என்றார் டிசைனர், இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்று. "ஆள் எங்க?"

அளவு கார்டுகளில் பெயர் பின்பக்கம் இருக்கும். முதலாளியம்மா கார்டைத் திருப்பினார். ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

பிறகு தலையை நிமிர்த்தி டிசைனரைப் பார்த்தார்.

"தம்பி, அந்த நாற்காலியைத் துடைக்கறதுக்கு முன்னால, உங்க கோட்டைக் கொஞ்சம் கழட்டுங்க."