உங்கள் கணவர் நலம்

சோதனைக்காகக் கவச உடையை மாட்டிக்கொண்டு கனரக இயந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் நிற்பதுதான் தணிகைவேலின் வேலை. ஒவ்வொரு குண்டு பட்டதும், ‘உங்கள் கணவர் நலம்’ என்று அவன் மனைவி செங்கமலத்தின் கைபேசிக்குக் கவசமே செய்தி அனுப்பிவிடும். ஒரு நாளைக்கு நாற்பது செய்தியாவது வரும்.

செவ்வாய்க்கிழமை துப்பாக்கி பழுதாகிவிட்டது. மதியம்வரை ஒரு செய்தியும் வராததால், செங்கமலம் அழுதுகொண்டே சோதனைத் திடலுக்கு வந்துவிட்டாள்.

“அதான் உன் முன்னாடியே நிக்கிறேனே,” என்றான் தணிகைவேல்.

அவள் அதிகாரியிடம் திரும்பினாள். “சார், ஒரே ஒரு தடவ சுட்டுடுங்க. மெசேஜ் வந்ததும் கெளம்பிடுறேன்.”

துப்பாக்கி சரியானதும் சுட்டார்கள். பத்தடி தள்ளிப் போய் விழுந்தான் தணிகைவேல். கைபேசி ஒலித்தது. செங்கமலம் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உசுரோட இருக்கிற மனுசன் ஒரு போன் பண்ணக் கூடாதா?” என்று அப்போதுதான் திட்ட ஆரம்பித்தாள்.