கடல் புளிக்கும் மாதம்

எண் இறங்கிவிட்டது.

அவள் தண்ணீரின் புளிப்பு அளக்கும் மீட்டரை உதறினாள். முனையை நல்ல தண்ணீரில் கழுவி, மறுபடியும் கடல் தண்ணீர் வாளிக்குள் விட்டாள்.

ஏழு புள்ளி எட்டு.

காலையில் எட்டு புள்ளி இரண்டு காட்டிய கடல் இது.

விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு குறைந்த மாதிரியும் இருந்தது, குறையாத மாதிரியும் இருந்தது. மூன்று நாளாகக் கொட்டும் மழையில் நாக்கை நம்பி என்ன செய்ய.

அப்படியென்றால் முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள்.

சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது.

முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டினால் ஊருக்குள் நிற்கும் வெள்ளம் கடலில் இறங்கிவிடும். அவள் வீட்டில் கட்டில் கால் முழுகத் தண்ணீர். மகள் அரிசி மூட்டையையும் அடுப்பையும் கட்டிலில் ஏற்றி வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆனால் வெள்ளம் கலந்தால் கடல் புளிக்கும், எண் இறங்கும். புளித்த தண்ணீரை மோட்டார் இழுத்து, இந்தக் குழாய் வழியாகத்தான் அவள் வேலை பார்க்கும் ஹேச்சரியின் தொட்டிகளுக்கு ஏற்றும். தொட்டி தொட்டியாக இறால் குஞ்சுகள். ஓடு மாற்றுகிற பருவம், ஒன்றையும் தாங்காது. முட்டை பொரிந்த நாளிலிருந்து தீனி போட்டவள் அவள்.

நாளை மறுநாள் குஞ்சுகளை ஏற்ற லாரி வரும். அதுவரை மணலில் கை வைக்கக் கூடாது என்று முதலாளி அதிகாரிகளிடம் சொல்லி வைத்திருந்தார். காத்திருக்க ஊர்க்காரர்களுக்கு வீடு மிஞ்ச வேண்டுமே. அவள் புருஷன் தேசப்பன் விடியும்போதே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மண்வெட்டியோடு கிளம்பிவிட்டான். போகும்போது சொன்னான்:

"வெட்டினப்புறம் ஒரு அரை மணி நேரம் எவன் கண்ணுலயும் படாம இருந்தா போதும். அதுக்கப்புறம் தண்ணியே வாயப் பெருசாக்கிக்கும். எவனாலயும் அடைக்க முடியாது."

அந்த அரை மணி நேரம் இப்போது அவள் கையில் இருந்தது.

முதலாளி அவளுக்குச் சொல்லியிருந்தது ஒன்றே ஒன்றுதான். எண் இறங்கினால் மோட்டாரை நிறுத்து. சத்தம் நின்றால் தூக்கத்திலும் எனக்குத் தெரிந்துவிடும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். வெட்டிய வாயை உடனே அடைப்பதற்கென்றே வாசலில் மணல் மூட்டை ஏற்றிய டிராக்டர் நின்றது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் அறையில் படுத்திருந்தார்.

மோட்டாரை நிறுத்தினால் வீடு போகும். நிறுத்தாவிட்டால் குஞ்சுகள் போகும்.

தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். தலைமுடித் துண்டு அளவு உயிர்கள் குழாய்த் தண்ணீரை எதிர்த்து நீந்திக்கொண்டிருந்தன. அழுகை வந்தது. கட்டிலில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்க, இதுகளுக்காக அழுகிறோமே என்று தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

ஏழு புள்ளி ஏழு.

"தண்ணி எப்படிம்மா இருக்கு?" அறைக்குள்ளிருந்து முதலாளி குரல் கொடுத்தார்.

"எட்டு ரெண்டு சார்."

அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது வார்த்தை.

மோட்டார் ஓடியது. அவள் தொட்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அரை மணி நேரத்துக்கு மேலேயே நின்றாள். பிறகு போன் அடித்தது.

தேசப்பன்தான்.

"டவரே கெடைக்கல புள்ள. இங்க காலையிலயே போலீஸ் வந்து ஒக்காந்துடுச்சு. மம்புட்டிய எல்லாம் புடுங்கிக்கிட்டாங்க. ஒரு புடி மண்ணு எடுக்கல."

"வெட்டலியா?"

"எங்கேருந்து வெட்டறது? பாப்பாவ ஸ்கூல் மாடிக்கு இட்டுனு போயிட்டாங்களாம். நீ பயப்படாத."

"அப்போ கடலு ஏன் புளிச்சுது?"

"என்னாது?"

மறுபடியும் டவர் போய்விட்டது.

வருஷா வருஷம் இந்த மாதத்தில்தான் முகத்துவாரத்தை வெட்டுவார்கள். இந்த மாதத்தில்தான் கடலும் புளிக்கும். வெட்டுவதால்தான் புளிக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். முதலாளியும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஊரே அப்படித்தான் நினைத்திருந்தது. இந்த வருஷம் ஒருவரும் வெட்டவில்லை. வெயில் இல்லாமல் வானம் மூடிக் கிடந்தது, வடக்கேயிருந்து கலங்கிய நீரோட்டம் வந்தது, மாதம் வந்ததும் கடல் தன் பாட்டுக்குப் புளித்துவிட்டது.

யாரைத் திட்டுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

அறைக்குள் முதலாளி போனில் அதிகாரியிடம் பேசிக்கொண்டிருந்தார். நல்ல தூக்கம் போட்டு எழுந்தவரின் குரல்.

"தண்ணி அருமையா இருக்கு சார். எட்டு ரெண்டு, இப்பதான் பார்த்தாங்க. வெட்டினாத்தான் கெடும். லாரி போற வரைக்கும் போலீஸ் அங்கேயே இருக்கட்டும்."

எட்டு ரெண்டு.

அவள் கொடுத்த எண். அது நிற்கும்வரை போலீஸ் நகராது, வீட்டுத் தண்ணீரும் இறங்காது.

காப்பாற்றி வைக்க அந்தக் கடலில் இனி ஒன்றும் மிச்சமில்லை. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நடந்து போய் ஸ்விட்சை அணைத்தாள்.

மோட்டார் நின்றது. உள்ளே பேச்சும் நின்றது.

"வெட்டிட்டாங்களா?" முதலாளி வேட்டியை இறுக்கிக்கொண்டே வெளியே ஓடி வந்தார். டிராக்டர்காரனைக் கூப்பிட வாயெடுத்தார்.

அவள் வாளியை அவர் காலடியில் வைத்தாள். மீட்டரைக் கையில் கொடுத்தாள்.

"இல்ல சார். வெட்டாமலே புளிச்சிருக்கு. நீங்களே முக்கிப் பாருங்க."