செல்லக்கிளிக்கான பிடியரிசி

முதல் பையைப் பெட்டிக்குள் கவிழ்த்தார் உபதேசியார் மாசிலாமணி.

மணல் விழுந்தது.

இரண்டாவது பையைப் பிரித்தார். புளியங்கொட்டை. அடுத்ததில் உமி. அதற்கடுத்ததில் மறுபடியும் மணல்.

ஆராதனை முடிந்து சபை கலைந்திருந்தது. கோயிலின் பக்கத்து அறையில் அவர் மட்டும் நின்றார்.

திருச்சுழிக் கரிசலில் மூன்றாவது வருஷமாக மழை இல்லை. அருப்புக்கோட்டையிலிருந்து வந்துகொண்டிருந்த நிவாரணப் பால்பவுடர் டின்னும் நின்றுவிட்டது. ஆனாலும் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியை ஆண்டவருக்கென்று எடுத்து வைப்பதை விடவில்லை. பெயர்தான் பிடியரிசி, பஞ்சத்தில் அது கம்பாகவும் குதிரைவாலியாகவும் மாறியிருந்தது. ஞாயிறுதோறும் சிறு பைகளில் பீடத்தின் முன் வந்து சேரும். இல்லாத வீட்டுக்குப் போகும்.

இந்த வாரம் செல்லக்கிளிக்கு.

கிணற்று வேலையில் மண் சரிந்து புருஷன் போய்விட்டான். புதன்கிழமை பிள்ளை பிறந்தது. தாய் பட்டினி, பால் சுரக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கம்மா. சபைப் பிடியரிசி மொத்தமும் உனக்குத்தான். ஆண்டவர் கைவிட மாட்டார்" என்று அவள் வாசலில் நின்று வாக்குக் கொடுத்தவர் இவர்தான். அதன் பிறகு வெறுங்கையோடு அந்தப் பக்கம் போக அவருக்கு மனம் வரவில்லை.

காலையில் பைகள் புடைத்திருந்ததைப் பார்த்துச் சபை மூப்பர் காசிராஜன் கூடக் கேலி செய்தார்: "என்ன உபதேசியாரே, எல்லார் காட்டுலயும் மழை பேஞ்சிருச்சா? என் காட்டுக்கு மட்டும் வழி தெரியலையாக்கும்!"

பெண்களில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. தலையை நிமிர்த்தக்கூட இல்லை. பக்தி என்று உபதேசியார் நினைத்தார். நெருக்கத்திலும் ஆண்டவர் நம் கூடவே இருக்கிறார் என்று அன்றைக்குப் பிரசங்கம் வேறு செய்திருந்தார்.

மிஞ்சியது ஒரே ஒரு பை. ஓரத்தில் சிவப்பு நூல். அவர் மனைவி தவமணி தைத்தது.

பிரிக்காமலே விரலால் அழுத்திப் பார்த்தார்.

மணல்.

'ஆண்டவரே, நீர் இங்கே இருக்கிறீரா?' என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. பதில் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

உச்சி வெயிலில் கிளம்பினார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும்.

வழியில் விறகுச் சுமையோடு வந்த ஜக்கம்மாள் நின்றாள். "என்ன சாமி, எங்க சாமியுந்தான் கண்ணத் தொறக்கல. ஒங்க சாமியும் தூங்குதா?"

வழக்கமாக ஏதாவது பதில் சொல்லுவார். இன்று நடையை எட்டிப் போட்டார்.

செல்லக்கிளியின் கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

உள்ளே சட்டியில் கஞ்சி கொதித்தது. அவள் முந்தானைக்குள்ளிருந்து பிள்ளை சப்பிக் குடிக்கும் சத்தம் கேட்டது.

"வாங்கய்யா. என்ன, மூஞ்சி இப்படிக் கறுத்துக் கெடக்கு? ஒரு வாய் கஞ்சி குடிங்க."

அவர் சட்டியைக் காட்டினார்.

"நீங்க சொல்லிட்டுப் போன அன்னைக்கே வர ஆரம்பிச்சுட்டாகய்யா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பச்சப்பிள்ளை பொறுக்குமான்னு, ஒவ்வொருத்தரா கொல்லை வழியா வந்து மடிய அவுத்துக் கொட்டிட்டுப் போனாக. நம்ம உபதேசியாரம்மாவுந்தான்."

வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கோயில்ல கேட்டுறாதீகய்யா. ஆண்டவருக்கு வச்சதுல கை வச்சிட்டோமேன்னு எல்லாரும் பயந்து போயிருக்காக. இந்தத் தப்பை நான் ஒருத்திதான் செஞ்சேன்னு ஒவ்வொருத்தரும் நெனச்சுக்கிட்டு இருக்காக."