பதினோராவது பெயர்

ஒன்பதாவது தடவையாக செல்போன் அதிர்ந்தது. திரையில் ‘பிரின்சிபால்’. கால்பந்துப் பயிற்சியாளர் ஸ்டோர் ரூம் கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டு, பந்து மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

அழைப்பு ஓய்ந்தது. உடனே ஒரு மெசேஜ். திறந்தால் பார்த்தது தெரிந்துவிடும். திறக்காமலே, திரையில் எட்டிப்பார்த்த வரியை மட்டும் படித்தார்: ‘என் பையன் விஷயம். உடனே கூப்பிடுங்க.’

கல்லூரிகளுக்கு இடையிலான பைனல், இன்னும் ஒன்றரை மணி நேரத்தில். இறங்கப் போகும் பதினோரு பேரின் பட்டியலை அரை மணிக்குள் கொடுத்தாக வேண்டும். பத்துப் பெயர் எழுதியாயிற்று. கடைசி வரி மட்டும் பல்லிளித்துக்கொண்டிருந்தது.

பிரின்சிபாலின் பையனுக்கு அணியில் ‘தூண்’ என்று பெயர். ஆறடி உயரம், நிறுத்திய இடத்தில் நிற்பான். இரண்டு வருஷமாக பெஞ்சைத் தேய்த்ததுதான் அவன் ஆடிய ஆட்டம்.

மறுபடி போன். இந்தத் தடவை மனைவி.

“என்னங்க, பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்தாச்சா?”

“எங்க? ஒரு வாரமா அவர் டேபிள்லதான் தூங்குது. பையனை இறக்கினாத்தான் பேனா மூடியத் திறப்பார் போல.”

“வாயத் திறந்து அப்படிக் கேட்டாரா?”

“கேக்குறதுக்குத்தானே காலையில இருந்து அடிக்கிறார்.”

“அப்ப இறக்கித் தொலைங்களேன்! மூணு காலேஜ்ல நியாயம் பேசினது போதாதா? ஒவ்வொரு தடவையும் பாத்திரத்தை மூட்டை கட்டினது நானு.”

அவள் சொன்னது பொய்யில்லை. போன கல்லூரியில் தாளாளரின் மைத்துனனை வெளியே உட்கார வைத்தார். அணிக்குக் கோப்பை வந்தது. மறுநாள் அவருக்கு வேலை போனது. இங்கே ஆறு வருஷமாகத் தற்காலிகம். நாற்பத்தெட்டு வயதுக்கு மேல் ஐந்தாவதாக ஒரு கல்லூரி யார் கொடுப்பார்கள்?

கதவு தட்டப்பட்டது. “சார்...” தூணின் குரல்.

திறந்தார். பையன் ஜெர்சியோடு நின்றிருந்தான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

“அப்பா உங்ககிட்ட பேசிட்டாரா சார்?”

அப்பன் போனில், மகன் நேரில். “இன்னும் இல்லப்பா.”

பையனின் முகத்தில் சட்டென்று வெளிச்சம். “அப்போ என்னை இறக்கி விடுங்க சார். இந்த ஒரு மேட்ச் போதும். ப்ளீஸ் சார்.”

போனை அணைத்துப் பைக்குள் எறிந்தார். காகிதத்தைச் சுவரில் வைத்து, பதினோராவது பெயரை எழுதினார். பேனா இரண்டு தடவை மக்கர் பண்ணியது.

பட்டியலைப் பார்த்த கேப்டன் தலையில் கை வைத்துக்கொண்டான். “சார், தூணா? நம்ம பக்கம் இன்னொரு கோல்போஸ்ட் நட்டா மாதிரி இருக்குமே!”

“வாயை மூடிட்டு ஷூவைக் கட்டுடா.”

மேசையில் இருந்த போட்டி அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பட்டியலை வாங்கினார். “எல்லாரும் உங்க காலேஜ் பசங்கதானே? வெளி ஆள் ஒருத்தன் இருந்தாலும் கப் எதிர் டீமுக்குப் போயிடும். கையெழுத்துப் போட்ட கோச்சுக்கு ஆயுசுக்கும் தடை.”

“ஏன் சார், என்னை இன்னிக்கு நேத்தா பார்க்கிறீங்க?” கையெழுத்துப் போட்டார்.

முதல் பாதி முழுக்கத் தூண் தூணாகவே நின்றான். பந்து அவன் காலில் பட்டுப் பட்டு எதிராளியிடம் போனது. மாற்று ஆளை இறக்கச் சொல்லி, அவருக்குக் கை துடித்தது. அந்தக் கையை டிராக் பேன்ட் பாக்கெட்டுக்குள் அடைத்துவைத்தார்.

இரண்டாவது பாதியும் கோல் இல்லாமலே கரைந்தது. கடைசி நிமிஷத்தில் ஒரு கார்னர். பந்து சுழன்று வந்தது. எல்லோரும் எகிறினார்கள், தூண் மட்டும் எகிறவில்லை. பந்து நேராக வந்து அவன் நெற்றியில் மோதி, வலைக்குள் போய் விழுந்தது.

விசில். மைதானம் அதிர்ந்தது. பையன்கள் தூணைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அதற்குள் பிரின்சிபால் கேட்டைத் தாண்டி, வேர்க்க விறுவிறுக்க வந்துகொண்டிருந்தார். பயிற்சியாளர் எதிரே ஓடினார். “சார், ஜெயிச்சுட்டோம் சார்!”

“சந்தோஷம். போனை ஏன்யா எடுக்கல? மீட்டிங்ல உட்கார்ந்துக்கிட்டு டேபிளுக்கு அடியில எத்தனை தடவை அடிச்சேன்! ரெண்டு விஷயம் சொல்லணும்.”

“சொல்லுங்க சார்.”

“முதல்ல இதைப் பிடிங்க. உங்க ஆர்டர். காலையிலேயே கையெழுத்துப் போட்டுட்டேன். இனிமே உங்களை இந்தக் காலேஜ்ல இருந்து யாரும் அசைக்க முடியாது.”

உறையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நாலு கல்லூரிகளில் பதினாறு வருஷமாகத் தொண்டையில் சிக்கியிருந்த முள் இறங்கியதுபோல் இருந்தது. “ரொம்ப நன்றி சார். இன்னொண்ணு?”

பிரின்சிபால் பேச வாயெடுத்தார். அப்போதுதான் பையன்களின் தோளில் இருந்த மகனைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

“இவனை எப்படிய்யா இறக்கினீங்க? நேத்தே வேற காலேஜ்ல சேர்த்தாச்சே!”