துணையில்லாப் பழகுநர்

மகளைப் பள்ளியில் விடுவது யார் என்று கதிரேசனுக்கும் பூரணிக்கும் காலையிலேயே சண்டை. அவன் கோபத்தில் பைக்கில் கிளம்பிப் போய்விட்டான். கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த பூரணி, துணைக்கு ஆளில்லாமலேயே மகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள்.

சிங்காநல்லூர் தாண்டியதும் கார் தானாக ஓரங்கட்டி நின்றது. கதவுகள் பூட்டிக்கொண்டன.

"பழகுநர் தனியாக ஓட்டுகிறார். உரிமையாளர் அனுமதித்தால்தான் கதவு திறக்கும்," என்றது கார்.

பூரணி கார் ஸ்பீக்கரில் கணவனைப் போனில் கூப்பிட்டாள். "என்னங்க, திறந்து விடுங்க. பாப்பா ஒண்ணுக்குப் போகணுங்கறா."

"இனிமே ஓட்டவே மாட்டேன்னு சொல்லு, திறக்கறேன்."

"நீங்க கொண்டுபோய் விட்டிருந்தா நான் எதுக்கு எடுக்கறேன்?"

பின்சீட்டில் மகள் நறுமுகை கால்களை இறுக்கிக்கொண்டு அழுதாள். பூரணி கண்ணாடியைத் தட்டினாள். சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்கள்.

"சரி," என்றாள் கடைசியில். "இனிமே ஓட்ட மாட்டேன்."

கதவுகள் திறந்தன. "உங்கள் விருப்பப்படி பழகுநர் உரிமம் நிரந்தரமாக ரத்து செய்யப்பட்டது," என்றது கார்.

போனில் கதிரேசன் பதறினான். "அய்யோ, நான் சும்மாதான்டி சொல்லச் சொன்னேன்! நாளைக்குப் பாப்பாவ யாரு கொண்டுபோய் விடறது?"